பாய்க்கப்பல் மாதிரிகளுடன் ஒருநாள் பயணம்: பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று ஜார்ஜ்டவுனிலிருந்து ஜெரெஜாக் தீவுவரை நீங்கள் நடத்திய பயணத்துக்கு ஆளுக்கு 380 ரிங்கிட் கட்டினோம். திரெங்கானுவின் பழைய பாய்க்கப்பல்களான பினாஸ், பெடார் மாதிரிகள் பாய்விரித்து ஓடும், பக்கத்திலேயே சிறு பாய்ப்படகில் நீங்களும் ஓடலாம் என்பது உங்கள் விளம்பரம்.

நாள் முழுக்க இரண்டும் இன்ஜினில்தான் ஓடின. பாயை ஏற்றினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்றுக்கு நேர் எதிரே போனால் பாய் படபடக்குமே தவிர இழுக்காது. படமெடுக்க அழகு, பாய்க்குக் கேடு. பாயின் குறுக்குக் கழிகள் பாய்மரத்தில் மோதி மோதி அங்கேதான் தையல் முதலில் விடும். பினாஸின் பின்பாயில் உடைந்துபோன ஒரு கழியைப் பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

பினாஸுக்குச் சீன ஜங்க் வகைப் பாய், அதாவது குறுக்குக் கழிகள் வைத்த பாய். கழிகளின் பின்முனைகளிலிருந்து வரும் சிறு கயிறுகள் ஒரே தாமானில் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றில்) சேர வேண்டும். அதை இழுத்தால் பாய் முழுதும் சேர்ந்து திரும்பும். உங்கள் மாதிரியில் அடிக்கழிக்கு மட்டும்தான் கயிறு; மேல்பாதி முறுக்கிக்கொண்டு காற்றை வெளியே விட்டுவிடுகிறது. இப்படியிருந்தால் எந்தக் காற்றிலும் ஒழுங்காக ஓடாது. காற்று போதவில்லை என்று படகோட்டி சொன்ன சமாதானத்தை ஏற்க முடியவில்லை.

பாதுகாப்பு விஷயம் இன்னும் மோசம். திரும்பும்போது காற்று பக்கவாட்டில் வந்தது. எங்கள் படகைப் பினாஸின் காற்று மறைவில், பத்து மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஓட்டச் சொன்னார்கள். பெரிய பாய் காற்றை மறைக்க, சிறு படகு வேகமிழந்து நிமிர்ந்துவிடும். மறைவைத் தாண்டியதும் மொத்தக் காற்றும் ஒரேயடியாக அடிக்கும். தாமானைக் கையில் பிடிக்காமல் முடிந்து வைத்திருந்தால் கவிழ வேண்டியதுதான். சிறு படகைக் காற்று வரும் பக்கத்தில், போதிய இடைவெளி விட்டு ஓட்டுவதே முறை.

புறப்படும் நேரமும் எல்லா நாளும் காலை 9 மணியாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கும், அஷ்டமி வாக்கில் மந்தமாக இருக்கும். ஓத அட்டவணை பார்க்காமல் பாய்ப்படகு விடுபவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

"ஆணியில்லாமல் மரத்தில் கட்டியவை" என்றும் போட்டிருக்கிறீர்கள். திரெங்கானு தச்சர்கள் செங்கால் மரப் பலகைகளை விளிம்போடு விளிம்பாக மரமுளைகளால் சேர்ப்பார்கள், இடையில் கெலாம் மரப்பட்டை வைப்பார்கள். உங்கள் பெடாரின் உள்தட்டைத் தூக்கினால் ஃபைபர்கிளாஸ் இழை தெரிகிறது; வெளியே பலகை இடுக்குகள் பெயிண்டில் வரைந்த கோடுகள். ஃபைபர் படகையே ஓட்டுங்கள், பராமரிப்பும் சுலபம். அதை விளம்பரத்தில் அப்படியே எழுதுங்கள்.

கட்டணத்தில் பாதியை 14 நாட்களுக்குள் திருப்பித் தரவும், விளம்பரத்தைத் திருத்தவும், பக்கத்தில் ஓட்டும் இடைவெளிக்கு எழுத்துப்பூர்வ விதி வகுக்கவும் கோருகிறோம். ரசீதும் படங்களும் இணைத்துள்ளோம். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுவோம். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

இப்படிக்கு,
பயணம் செய்த நால்வர், பினாங்கு