முதுகுத்தண்டு வளைவும் பள்ளி மணிநேரமும்: தலைமையாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஆண்டு தீபாவளிக்குத் தைத்த சட்டை ஒரு பக்கம் ஏறியே நின்றபோது, தையற்காரர் அளவைத் தவறவிட்டார் என்றே நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் அவளுடைய முதுகுத்தண்டு பக்கவாட்டில் 28 டிகிரி வளைந்திருப்பது தெரிந்தது. ஸ்கோலியோசிஸ் எனப்படும் இவ்வளைவு நூற்றில் இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கு 10 டிகிரிக்கு மேல் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. வளர்ச்சி முடியாத நிலையில் ஏறத்தாழ 25 முதல் 40 டிகிரி வரை வளைந்தவர்களுக்கே பிரேஸ் பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் அதைப் ‘பெல்ட்’ என்கிறோம். உண்மையில் அது அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை உடலைக் கவ்விப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. வளைவை நிமிர்த்திவிடும் என்று எங்கள் மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. எலும்பு வளர்ந்து முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டாமல், அறுவைச் சிகிச்சை வரை போகாமல் தடுத்து நிறுத்துவதே அதன் வேலை என்றார்.

அந்த வேலை நடப்பது அணியும் நேரத்தைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ மையங்களில் நடந்து, 2013இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. பிரேஸுக்குள் வைத்த வெப்ப உணரியைக் கொண்டு கணக்கிட்டபோது, நாளொன்றுக்குச் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தப்பியிருந்தனர். ஆறு மணி நேரம்கூட அணியாதவர்கள் பிரேஸே இல்லாதவர்களைவிட மேலாக இல்லை.

என் மகளுக்குச் சொல்லப்பட்டது 18 மணி நேரம். பள்ளிக்கும் பயணத்துக்குமாக ஒன்பது மணி நேரத்தைக் கழித்தால் எஞ்சுவது 15 தான். ஆகவே, உங்கள் வளாகத்தில் பிரேஸ் கழன்றால் கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது. அவள் முன்பு படித்த பள்ளியில், சீருடை புடைத்துக்கொண்டு நிற்கிறது என்று காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். மறுநாளிலிருந்து என் கண்ணில் படாமல் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று மாதம் கழித்து, “வெல்குரோ பட்டை புதுசாவே இருக்கே, அம்மா?” என்று மருத்துவர் என்னிடம் கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது.

நான் கேட்பவை சிறியவை. ஓர் அளவு பெரிய சீருடைக்கு அனுமதியுங்கள். பிரேஸ் தொடைப் பக்கம் அழுத்துவதால் தரையில் சம்மணமிட முடியாது. ஒரு நாற்காலி கொடுங்கள். பிரேஸுக்குள் போடும் பருத்தி பனியன் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் நனைந்துவிடும், ஈரத்தோடு இருந்தால் தோல் புண்ணாகும். மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், பட்டையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டும் பேனாக் குறி வரை இழுத்துக் கட்ட ஒரு தோழியின் உதவியும் போதும். மருத்துவர் தடுக்காதவரை விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம். அந்த நேரத்துக்குக் கழற்றிவிட்டு ஓடட்டும். புத்தகப் பையாலும் கோணல்மாணலாக உட்கார்ந்ததாலும் வந்தது என்று யாரும் அவளைக் குற்றம் சொல்ல வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதன் காரணம் மருத்துவத்துக்கே தெரியாது.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் இன்னொரு விண்ணப்பம். கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை இணைத்து, பிள்ளை முன்னோக்கிக் குனியும்போது பின்னாலிருந்து பார்த்தால், வளைவு உள்ளவர்களுக்கு முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வரிசையில் நிறுத்தி அல்ல, தனியறையில், பெண் பிள்ளைகளை ஆசிரியை ஒருவர் பார்க்கட்டும். ஐயமிருந்தால் பெற்றோருக்கு மட்டும் எழுதுங்கள். பத்தாம் வகுப்பில் கண்டுபிடித்தால் பல பெண்களுக்கு வளர்ச்சி ஏறத்தாழ முடிந்து, பிரேஸுக்கான காலம் கடந்திருக்கும். ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்