ஏ9 சண்டையை எழுதேக்க சனத்தையும் எழுதுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழில, யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டைப் பிடிக்க ஆமி நடத்தின ஜெயசிக்குறு நடவடிக்கை பற்றி வந்த கட்டுரையை முழுக்க வாசிச்சன். எந்தப் படை எந்தப் பக்கத்தால வந்தது, எந்தச் சந்தி எப்ப பிடிபட்டது எண்டெல்லாம் நல்லாத் தேடி எழுதியிருக்கினம், அதுக்கு நன்றி. ஆனா அவ்வளவு நீளக் கட்டுரையில சனத்தைப் பற்றி வந்தது "இடம்பெயர்ந்தனர்" எண்ட ஒரு வரிதான். அந்தக் காலம் முழுக்க வன்னிக்குள்ள இருந்தவன் நான், அதை வாசிச்சிட்டு சும்மா இருக்க மனம் வரேல்ல.

யாழ்ப்பாணத்தை 1995 கடைசியில ஆமி பிடிச்சது, ஆனா அங்க நிண்ட படைக்கு தரைப்பாதை இல்ல, சாப்பாட்டில இருந்து செல் வரைக்கும் கப்பலிலயும் பிளேனிலயும்தான் போகோணும், கடலில கடற்புலியள். அடுத்த வருசம் கிளிநொச்சியும் பிடிபட, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில கிடந்த ரோட்டுத்துண்டைப் பிடிச்சாக் காணும் எண்டு 1997 மே 13 அன்றைக்கு வெளிக்கிட்டவை. 1998 பெப்ரவரி 4, ஐம்பதாவது சுதந்திர தினம் வரேக்க யாழ்ப்பாணத்துக்கு பாதை திறந்திருக்கோணும் எண்டு கொழும்பில இருந்து கதை வந்துகொண்டே இருந்தது. அந்த நாள் வரேக்க மாங்குளம் கூட பிடிபடேல்ல, புளியங்குளத்திலயே மாசக்கணக்கா அடிபட்டுக்கொண்டு நிண்டவை.

ஏன் சரிவரேல்ல எண்டதுக்கு உங்கட கட்டுரை தளபதிமாரின்ர பிழையத்தான் சொல்லுது. எனக்கு அது போதாது. காட்டுக்குள்ளால போற ரோட்டைப் பிடிக்கிறதும் அதை வைச்சிருக்கிறதும் ரெண்டு வேலை. ஒவ்வொரு கிலோமீற்றர் முன்னால போகப்போக ரெண்டு பக்கமும் பங்கர் வெட்டி ஆள் போடோணும், காவலரண் வரிசை நீண்டுகொண்டே போகும், ஆள் போதாமப் போகும். தொடங்கி ஒரு மாசம் கூட ஆகேல்ல, 1997 ஜூன் 10 புலியள் பின்பக்கம் தாண்டிக்குளத்தில அடிச்சவை. 1998 செப்டம்பர் கடைசியில மாங்குளம் ஆமியின்ர கைக்குப் போக, அதே நாளுகளில வடக்குப் பக்கம் கிளிநொச்சி அவையின்ர கையை விட்டுப் போச்சு. டிசம்பரில நடவடிக்கையை நிப்பாட்டினம் எண்டு அறிவிச்சவை. பிறகு 1999 நவம்பரில, ஒண்டரை வருசமா பிடிச்ச இடமெல்லாம் சில நாளுக்குள்ளயே திரும்பப் புலியளின்ர கைக்குப் போட்டுது. அதுக்குள்ள ஆயிரக்கணக்கில ரெண்டு பக்கமும் பிள்ளையள் செத்திட்டுதுகள், எங்கட பெடியள் பெட்டையளும்தான், வேலையில்லாம ஆமியில சேந்த சிங்களக் கிராமத்துப் பெடியளும்தான்.

சனத்துக்கு வாறன். நெடுங்கேணி, புளியங்குளம், கனகராயன்குளம் எண்டு செல் வரவர ஒவ்வொரு ஊரா கிளம்பினது. அதில கனபேர் 1995இல யாழ்ப்பாணத்தில இருந்து ஏற்கனவே ஓடி வந்ததுகள், ஒரு கொட்டிலப் போட்டு நாலு மிளகாய்க் கண்டு வைச்சு அது காய்க்க முதல் திரும்ப சைக்கிளில பாய் தலகாணி சட்டி எல்லாத்தையும் கட்டிக்கொண்டு மல்லாவிப் பக்கம், மடுப் பக்கம் எண்டு போனதுகள். பொருளாதாரத் தடை வேற. மண்ணெண்ணெய் கிடைக்காது, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு அதில கொஞ்சமா எண்ணெய் விட்டு திரியை ஒரு பொட்டளவுக்கு எரிய விட்டுத்தான் பிள்ளையள் படிச்சதுகள், காத்தடிச்சா நூந்திடும், திரும்பக் கொளுத்த நெருப்புக்குச்சியையும் எண்ணித்தான் பாவிக்கோணும். மலேரியா வந்தா மருந்தில்ல. இதெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியா எண்டாலும் போட்டிருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில இருந்த சனமும் இதே ரோட்டில்லாமத்தான் கஷ்டப்பட்டது. கொழும்புக்குப் போக கப்பலுக்கு காத்துக் கிடக்கோணும், இல்லாட்டி காசு இருந்தா பிளேன். மாங்குளத்திலயும் கிளிநொச்சியிலயும் சண்டை நடந்த அந்தக் கிழமையிலதான், செப்டம்பர் 29, பலாலியில இருந்து வெளிக்கிட்ட லயன் எயார் பிளேன் கடலில விழுந்தது, 55 பேர். பாதை இருந்திருந்தா அதில கனபேர் பஸ்ஸில போயிருப்பினம் எண்டு நான் இண்டைக்கும் நினைக்கிறன். உங்கட கட்டுரையில அந்தப் பிளேன் இல்லவே இல்ல.

கடைசியா சனத்துக்கு அந்த ரோட்டு திறந்தது 2002 ஏப்ரலில, சண்டையால இல்ல, பெப்ரவரியில அரசாங்கமும் புலியளும் கையெழுத்து வைச்ச போர்நிறுத்த ஒப்பந்தத்தால. வருசக்கணக்கில காணாத சொந்தக்காரரைப் பாக்க சனம் அள்ளுப்பட்டுப் போனது. இதையும் அந்தத் தொடரில சேக்கோணும், இல்லாட்டி இப்பத்தைய பிள்ளையள் ஆர் வெண்டது ஆர் தோத்தது எண்டதை மட்டும்தான் படிக்கப் போகுதுகள்.

அடுத்த பகுதி எழுதுறதுக்கு முதல் தயவுசெய்து உங்கட நிருபரை ஒருக்கா நெடுங்கேணிக்கும் புளியங்குளத்துக்கும் அனுப்புங்கோ. அந்த நேரம் குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஓடின அம்மாமார் ஐயாமார் இன்னும் இருக்கினம், வயசு போட்டுது, கேட்டா சொல்லுவினம்.

இப்படிக்கு,
மாங்குளம் வாசகர் ஒருவர்