கட்டத் தெரிந்த கைகள் இருக்கும்போதே

தரங்கம்பாடி மீனவக் கிராமப் பஞ்சாயத்தாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் பக்கத்துப் பொறையாற்றில் பிறந்து வளர்ந்தவன். உங்கள் ஊர்க் கூடைக்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் குழம்புக்குப் புளி கரைப்பார்கள். சைக்கிள் ஓட்டப் பழகியதும் நான் முதலில் வந்த இடம் உங்கள் கரை. அந்த உரிமையில், கட்டுமரம் கட்டும் வித்தையைக் காப்பாற்றி வைப்பது பற்றி எழுதுகிறேன்.

சென்ற மாதம் பேத்தியை டேனிஷ் கோட்டைக்கு அழைத்து வந்தேன். அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தவள், "அவ்வளவு பெரிய கப்பல் எல்லாம் வந்துச்சே, துறைமுகம் எங்கே தாத்தா?" என்று கேட்டாள்.

துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசுலாப் படகுதான். ஆணி இல்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். எந்த அலையை விட வேண்டும், எந்த அலையில் ஏற வேண்டும் என்று இந்தக் கரையில் பிறந்தவருக்குத்தான் தெரியும்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் கோட்டை கட்டியதும், 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழ் நூல்களை அச்சிட்டதும், 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர்கள் போனதும் எழுத்தில் இருக்கின்றன. துடுப்புப் போட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்கள் உங்கள் பாட்டன் பூட்டன்கள் என்று பேத்தியிடம் சொன்னேன். அதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

வலையையும் கட்டுமரத்தையும் அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். டென்மார்க்கில் உள்ள சங்கம் ஒன்று ஊருக்குள் கடல்சார் அருங்காட்சியகம் அமைத்தது, நல்ல காரியம். ஆனால் கட்டுகிற கையை எங்கே வைப்பது? கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி உலகமெல்லாம் பரவிவிட்டது. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு வந்து, இங்கே கட்டுமரம் அருகிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பி வருவதுதான் முக்கியம். ஆனால் எந்த மரம் நடுவில், எது ஓரத்தில், அணியத்தில், அதாவது முன்முனையில், முடிச்சு எப்படி விழ வேண்டும் என்பதெல்லாம் எழுபது வயதைத் தாண்டிய சிலரிடம் மட்டுமே மிச்சமிருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பதும், நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தைப் பார்த்து வலை விடுவதும் அப்படித்தான். கருவாட்டுக்கு எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு என்பது பெண்களின் கைக்கணக்கு. அதையும் விட்டுவிடக் கூடாது.

மாசிலாமணிநாதர் கோயிலை நினைத்துப் பாருங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர் இருந்தபோது கட்டிய கோயில். கருங்கல். அதன் முன்பக்கத்தையே கடல் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அங்கே கல்வெட்டு இருந்ததால் பழைய பெயராவது நமக்குக் கிடைத்தது. பெரியவர்களின் வாயிலும் கையிலும் இருப்பதற்குக் கல்வெட்டு கிடையாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஊர்க்கூட்டத்தில் பேசி, தெரிந்தவர்களை உட்காரவைத்து ஒரே ஒரு கட்டுமரம் முழுதாகக் கட்டச் சொல்லுங்கள். மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடலில் இறக்குவது வரை, அவர்கள் பேச்சோடு சேர்த்து வீடியோ எடுப்போம். பக்கத்தில் இளைஞர்கள் நாலு பேர் கயிறு பிடிக்கட்டும். அப்புறம் அந்த மரத்தையும் படத்தையும் கோட்டையில் வைக்க இடம் தரும்படி தொல்லியல் துறையிடம் நீங்களே கேளுங்கள். நன்கொடையாகக் கொடுத்துவிட வேண்டாம். ஊர்ச் சொத்தாகவே இருக்கட்டும், இரவலாகக் கொடுங்கள். பக்கத்தில் எழுதிவைக்கும் வாசகமும் உங்கள் சொற்களில், தமிழில் முதலில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இளைஞர்களுக்கும் நேரம் இருக்கும். நீங்கள் சரி என்றால் முதல் நாள் காலையிலேயே பேத்தியோடு வந்துவிடுகிறேன். கயிற்றுச் செலவு என்னுடையது.

அன்புடன்,
பொறையாற்றுக்காரன்