அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற ஒரு அம்மாதான். சுற்றுச்சுவர், காலை உணவு, இடைநின்ற பிள்ளைகள் என்று எல்லாம் பேசுகிறோம். நாள் முழுக்க அங்கேயே இருக்கிற பிள்ளைகளை மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஏழாம் வகுப்புப் பெண்கள் சிலரிடம் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “இருக்கு ஆன்ட்டி, தாழ்ப்பாள்தான் இல்லை” என்றார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாத நாளில் போவதே இல்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. எங்கள் பதிவேட்டில் அந்தக் கழிப்பறை ‘பயன்பாட்டில் உள்ளது’! கேரளத்தில் 2019-லேயே தண்ணீர் குடிக்கவென்று தனி மணி அடித்தார்கள், இப்போது நம் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் அந்த மணியைக் கேட்டு எந்தப் பெண் குடிப்பாள்?

பிள்ளைகளைக் கூட்டத்தில் உட்கார வைப்பது ஏதோ புதுமை இல்லை. கட்டாயக் கல்விச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-ல் வகுத்த விதிகளைப் பாருங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதிக் கால் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களிலிருந்தோ அந்தப் பள்ளியின் மாணவர்களிலிருந்தோ எடுக்கலாம். யாரை என்று முடிவு செய்வது பெற்றோர். அதாவது நாம்.

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்தோம். அதற்கப்புறம் ஆய்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. சரி, ஆய்வுக்கு வருகிறவர் வருகிற அன்று எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். மற்ற நாட்களில் எந்த கேட் பூட்டிக் கிடக்கிறது, எந்த சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்கிறது, மணி அடித்ததும் எந்தப் படிக்கட்டில் நெரிசல் என்பதெல்லாம் ஆறாம் வகுப்புப் பையனுக்கு அத்துப்படி.

புகையிலையும் அப்படித்தான். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. கண்காணிப்பாளராக ஒன்பதாம் வகுப்பு முதல் மேல் வகுப்பு மாணவரையும் நியமிக்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. எந்தக் கடை என்று பிள்ளை நம்மிடம் சொன்னால் போதும். கடைக்காரர் முன்னால் போய் நிற்பது நம் வேலை. சொன்ன பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறவே கூடாது.

இன்னொன்று. மாணவர் பங்கேற்பு என்றதும் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்தத் துடைப்பம் எந்தத் தெருப் பிள்ளைகள் கைக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரியும். கழிப்பறை கழுவ ஆள் போடுவதும் சம்பளம் வாங்கித் தருவதும் பெரியவர்கள் பொறுப்பு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஆசிரியர் கைகாட்டுகிற ‘நல்ல பிள்ளைகள்’ வேண்டாம், வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தில் முதலில் அவர்கள் பேசட்டும். அவர்கள் சொன்னதில் எது நடந்தது, எது ஏன் நடக்கவில்லை என்பதை அடுத்த வாரக் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் சொல்லட்டும். பாலியல் தொல்லை போன்றவற்றை மட்டும் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்; அதற்கு 1098, 14417 என்ற உதவி எண்கள் இருக்கின்றன, பிள்ளைகள் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது.

கூட்டத்தைப் பள்ளி விடுவதற்கு முன்பே வைத்தால்தான் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பிள்ளைகளும் இருக்க முடியும். நேரத்தைப் பற்றித் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்