பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு

சென்னை நங்கநல்லூரில் எங்கள் தெருப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், மாமா மாமிகளுக்கும் வணக்கம்.

செடி நடுகிற நாளில் பேனரும் போட்டோவும் இருக்கும், பாராட்ட நாலு பேர் வருவார்கள். நட்ட செடிக்கு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இதுவரை யாரும் மேடை போட்டு நன்றி சொன்னதில்லை. அதனால் இந்த மடல்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்தபோது, பூங்காவில் நிழல் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. குல்மோகர்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சீக்கிரம் வளரும் மரம் எதையாவது வைத்துவிடலாம் என்றுதான் எங்களில் பலர் சொன்னோம். நீங்கள் பொறுமையாகப் புங்கனும் வேம்பும் மகிழமும் பூவரசும் வைத்தீர்கள். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசக் கூடாது, வேர் பரவ மண் வேண்டும் என்று ஒவ்வொரு மரத்துக்காகவும் போய்ப் பேசினீர்கள். இன்று அந்தப் புங்க நிழலில்தான் முட்டி ஆபரேஷன் முடிந்த என் அப்பா மறுபடி நடந்து பழகினார்.

2019 கோடையை எப்படி மறப்பது? சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, குடிக்கிற தண்ணீருக்கே லாரி எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்தோம். அந்த நேரத்தில் பூங்காவுக்குத் தண்ணீர் கேட்க யாருக்கும் வாய் வராது. நீங்கள் நல்ல தண்ணீர் கேட்கவே இல்லை. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர் என்று வீடு வீடாக வாளியில் வாங்கிப் போனீர்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் அதை மட்டும் தனியாக ஊற்றாமல் மற்றதோடு கலந்தீர்கள். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டுத் திரி போட்டு, மேலே சருகால் மூடாக்குப் போட்டீர்கள். அந்தப் பானைகள்தான் கன்றுகளைக் காப்பாற்றின என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம் அந்த உரக்குழி. சுற்றியுள்ள கோயில்களில் சாமிக்குச் சாத்திக் களைந்த நிர்மாலியப் பூக்கள் முன்பெல்லாம் குப்பை லாரிக்குத்தான் போகும். மாலைகளில் நைலான் நூலையும் ஜிகினாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று ஒரு நாள் கூட உட்கார்ந்தால் தெரியும். அந்த வேலையைச் சலிக்காமல் செய்யும் இரண்டு மாமிகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பூக்களை மூட்டை கட்டி எடுத்து வைத்துக் கொடுக்கும் குருக்கள்களுக்கும்.

வேலியோரத்து எருக்கைக் களை என்று வெட்டச் சொன்னபோது விடவில்லையே, அதற்கும் நன்றி. அந்த இலையைத் தின்று வளரும் புழு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியாக மாறுவதைத் தெருப் பிள்ளைகள் இப்போது தினமும் வந்து பார்க்கிறார்கள். கறிவேப்பிலையில் புழு இருந்தால் நசுக்காமல் எங்களைக் கூப்பிட்டுக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பாத்திகள் மூழ்கின. வேர் அழுகாமல் இருக்க, சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டி நீரை வடியவிட்டவர்களில் மாநகராட்சித் தோட்டப் பணியாளர்களும் இருந்தார்கள். அவரவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நேரம் அது. அவர்களைத் தன்னார்வலர் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

மண்வெட்டியும் கடப்பாரையும் வைக்கத் தன் கடையில் இடம் கொடுத்த டீக்கடை அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் உங்களை எங்களுக்கு விட்டுக்கொடுத்த உங்கள் வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தினமும் காலையில் அங்கே நடக்க வருபவர்களில் ஒருத்தி