முன்னாள் அதிபரிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் மூளும் நேரத்தில் அமெரிக்க அதிபர்கள் தமக்கு முன் பதவியில் இருந்தவர்களிடம் ஆலோசனை கேட்பது நல்ல மரபு என்று வாசகர்கள் சிலர் எழுதுகிறார்கள். மரபு நல்லதுதான். ஆனால் இருவரும் சேர்ந்து நடக்கும் புகைப்படத்தை வைத்து அதன் பயனைச் சொல்லிவிட முடியாது. எந்தக் கட்டத்தில் கேட்டார்கள், எவ்வளவு தகவலைச் சொல்லிக் கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

1961 ஏப்ரலில் அமெரிக்க உளவுத்துறை ஏற்பாடு செய்த, கியூபாவின் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. 22-ஆம் தேதி அதிபர் கென்னடி, தமக்கு முன் அதிபராக இருந்த ஐசன்ஹோவரை, அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டுக்கு அழைத்தார். ஐசன்ஹோவர் கேட்டதில் மிக முக்கியமானது ராணுவத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. ஒப்புதல் தருமுன் எல்லோரையும் எதிரில் உட்காரவைத்து வாதாடவிட்டீர்களா, இல்லை ஒவ்வொருவராகப் பார்த்தீர்களா என்று கேட்டார். உளவுத்துறையும் முப்படைத் தளபதிகளும் பரிந்துரைத்த திட்டத்துக்குச் சம்மதித்தேன் என்பதுதான் கென்னடியின் பதில். மறு ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் நெருக்கடி வந்தபோது கென்னடி ஒரு குழுவை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து நாள்கணக்கில் வாதாடவிட்டார். அந்த ஒரு கேள்விதான் இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முன்னாள் அதிபரிடமிருந்து கிடைக்கக்கூடிய உருப்படியான உதவி அந்த மாதிரிக் கேள்விதான்.

அதே நெருக்கடியில் கென்னடி கேட்ட இன்னொன்றைப் பாருங்கள். 1962 அக்டோபர் 22 அன்று ஐசன்ஹோவரைத் தொலைபேசியில் அழைத்தார். கியூபாவுக்குள் நாம் படை இறக்கினால் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அணு ஏவுகணையை ஏவுவாரா என்று கேட்டார். ஏவுவார் என்று நான் நினைக்கவில்லை என்றார் ஐசன்ஹோவர். ஒலிப்பதிவு இருக்கிறது, யாரும் கேட்கலாம். இருவருக்குமே தெரியாத விஷயம், போர்க்களத்தில் பயன்படுத்தும் குறுந்தூர அணுகுண்டுகளும் அப்போதே கியூபாவில் இருந்தன என்பது. அது 1992-இல்தான் வெளியே வந்தது. தீவில் சோவியத் வீரர்கள் சுமார் 10,000 பேர் என்று கணித்திருந்தார்கள். இருந்ததோ 40,000-க்கு மேல். எட்டாண்டு அதிபராக இருந்த அனுபவம் இந்த ஓட்டையை அடைக்காது. எதிரி என்ன செய்வான் என்ற ஊகத்தை முன்னாள் அதிபரிடம் கேட்டு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். சொல்பவரின் தகுதியைப் பார்த்து ஊகத்துக்கு இல்லாத எடை ஏறிவிடுகிறது.

அக்டோபர் 28-இல் நடந்தது ஆலோசனையே அல்ல. முன்னாள் அதிபர்கள் ஹூவர், ட்ரூமன், ஐசன்ஹோவர் மூவரையும் தொலைபேசியில் அழைத்து நெருக்கடி தீர்ந்த செய்தியைச் சொன்ன கென்னடி, அதற்கு ஈடாகத் துருக்கியில் இருந்த அமெரிக்காவின் 15 ஜூபிட்டர் அணு ஏவுகணைகளை விலக்கிக்கொள்ள ரகசியமாக ஒப்புக்கொண்டதை மறைத்துவிட்டார். 1963 ஏப்ரலுக்குள் அவை போய்விட்டன. முடிவெடுத்த பிறகு வரும் அழைப்பு, நாளைக்கு விமர்சிக்காமல் இருங்கள் என்ற வேண்டுகோள்தான்.

முன்னாள் அதிபர் என்றாலே சமாதானம் சொல்வார் என்றும் நம்ப வேண்டாம். வியட்நாம் விவகாரத்தில், கென்னடிக்கு அடுத்து வந்த அதிபர் ஜான்சன், ஐசன்ஹோவரிடம் முறையாகவே ஆலோசனை கேட்டார். ஐசன்ஹோவரிடம் முன்பு பணியாற்றிய ஜெனரல் குட்பாஸ்டரையே தூதராக அனுப்பி, போர் நிலவரத்தை அவ்வப்போது தெரிவித்துவந்தார். ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் 1965 பிப்ரவரிக் கூட்டத்திலேயே ஐசன்ஹோவர் குண்டுவீச்சை ஆதரித்தார். தேவைப்பட்டால் தரைப்படையையும் இறக்கலாம் என்றார்.

அணு ஆயுதக் கட்டுப்பாட்டில் முன்னவரின் கருத்தைவிட அவர் விட்டுச்சென்ற கோப்புதான் பெரிது. 1974 நவம்பரில் விளாடிவஸ்தோக்கில் அதிபர் ஃபோர்டும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் ஒரு கணக்குக்கு வந்திருந்தார்கள்: தரப்புக்கு நெடுந்தூர ஏவுகணைகளும் குண்டுவீச்சு விமானங்களும் சேர்த்து 2,400, அவற்றில் பல குண்டுகளைச் சுமப்பவை 1,320. 1977 மார்ச்சில், ஃபோர்டுக்கு அடுத்து வந்த அதிபர் கார்ட்டர் அதை ஒதுக்கிவிட்டு இன்னும் பெரிய வெட்டைக் கேட்டு வெளியுறவு அமைச்சர் வான்ஸை மாஸ்கோவுக்கு அனுப்பினார். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிடப் புதிதாக வந்த லஸ்கர் பழைய முறைப்பாசனப் பதிவேட்டைத் தூக்கிப்போட்டால் கடைமடைக்காரர் என்ன சொல்வார்? பழைய கணக்கை விட மாட்டேன் என்பார். மாஸ்கோவும் அதைத்தான் சொன்னது. கடைசியில் பழைய கணக்கின் மேலேயே சால்ட்-2 என்ற அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கட்டப்பட்டு, 1979 ஜூனில்தான் கையெழுத்தானது. அமெரிக்க செனட் அதற்கு ஒப்புதல் தரவே இல்லை. மாறாக, 2010-இல் ஒபாமா ரஷ்யாவுடன் செய்த புதிய ஸ்டார்ட் அணு ஆயுத ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் மூத்த புஷ் வெளிப்படையாக ஆதரித்தார். அது செனட்டில் 71-26 என்ற வாக்குகளில் தேறியது.

இது நம் நெல்லைச் சீமைக்குத் தொலைதூரச் சங்கதி அல்ல. விஜயநாராயணத்தில் நிற்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தின் கோபுரங்கள், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புபவை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை உப்புநீருக்குள் பத்து, இருபது மீட்டர் இறங்கும். ஆனால் நீர்மூழ்கியால் கேட்கத்தான் முடியும், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. வாதாட வேண்டியதையெல்லாம் தில்லியிலேயே, செய்தி கிளம்புமுன் வாதாடி முடித்தாக வேண்டும். அந்த அறையில் முன்னாள் பிரதமருக்கு இடமுண்டா? எழுதிவைத்த முறை எதுவும் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை. 1996-இல் நரசிம்ம ராவ், அணுகுண்டு தயாராக இருப்பதைத் தம்மிடம் தெரிவித்துவிட்டுப் போனதாக வாஜ்பாயே பின்னால் சொன்னார். அது இருவரின் பெருந்தன்மை; சட்டம் இல்லை. 1988-இல் கையெழுத்தான கூடங்குளம் 2013-இல் மின்சாரம் தருவதற்குள் ராஜீவ் காந்தி முதல் மன்மோகன் சிங் வரை எட்டுப் பிரதமர்களைப் பார்த்துவிட்டது. ஒப்பந்தக் கோப்பு கைமாறிக்கொண்டே வந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி இப்படியொரு சந்திப்பைச் செய்தியாக்கும்போது மூன்று விவரங்களையும் சேர்த்துத் தாருங்கள்: சந்திப்பு முடிவுக்கு முன்பா பின்பா, முன்னாள் தலைவருக்கு உளவுத்துறை அறிக்கைகள் காட்டப்பட்டனவா, அந்த அறையில் எதிர்வாதம் செய்ய வேறு யார் இருந்தார்கள்.

இப்படிக்கு,
பன்னாட்டு அரசியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.