எங்கள் வயலுக்கு அடியில் போகும் குழாயைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டாவில் எரிவாயு என்று பேச்சை எடுத்தாலே ஹைட்ரோகார்பன் கிணறு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில்தான் போய் நிற்கிறோம். அந்தச் சண்டை நடக்கட்டும், நடக்க வேண்டியதுதான். ஆனால் வரப்போகும் கிணற்றைப் பற்றிப் பேசுகிற சூட்டில், ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் குழாய்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. குத்தாலம், திருமக்கோட்டை, அந்தப் பக்கம் ராமநாதபுரத்தில் வழுதூர் என்று எரிவாயு மின் நிலையங்கள் ஓடுவது கிணறுகளிலிருந்து குழாய் வழியாக வருகிற வாயுவில்தான். இது போதாதென்று 2019-ல் எண்ணூரில் எல்என்ஜி (குளிர வைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் வந்த பிறகு இந்தியன் ஆயில் தெற்கு நோக்கி இன்னொரு பெரிய குழாயைப் போட்டிருக்கிறது, அதில் ராமநாதபுரம் – தூத்துக்குடி 143 கி.மீ. பகுதியை 2021-லேயே திறந்துவிட்டார்கள். ஆக, குழாய் கூடத்தான் போகிறது.

சரி, குழாய் இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நகரம் கதையைச் சொல்ல வேண்டும். நகரம் என்பது ஆந்திராவில் கோனசீமைப் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். தென்னந்தோப்பு, வாய்க்கால், நெருக்கமான வீடுகள் என்று பார்க்க நம் ஊர் மாதிரியேதான் இருக்கும். 2014 ஜூன் 27 அதிகாலை, தாட்டிபாகாவிலிருந்து விஜயவாடா பக்கம் மின் நிலையத்துக்குப் போகும் கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாயிலிருந்து கசிந்த வாயு ஊருக்குள் பரவிக் கிடந்தது. டீக்கடையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் எல்லாம் ஒரேயடியாகத் தீப்பிடித்தது என்று அப்போது செய்திகளில் படித்தோம். தூக்கத்திலேயே கருகியவர்களையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முன்பே கசிகிறது என்று சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்று ஊர்க்காரர்கள் கதறினார்கள்.

விசாரணையில் வெளிவந்த காரணம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வெளியிலிருந்து யாரும் எதையும் செய்துவிடவில்லை. அந்தக் குழாய் உலர்ந்த வாயுவுக்காகப் போடப்பட்டது. கிணற்றிலிருந்து வரும் வாயுவில் தண்ணீரும், கண்டன்சேட் என்கிற லேசான எண்ணெயும் கலந்திருக்கும், அதைப் பிரித்து வாயுவை உலர்த்திய பிறகுதான் குழாய்க்குள் விட வேண்டும். அதற்கான உலர்த்தும் அமைப்பை வைக்கவே இல்லை. ஈரமான வாயு வருடக்கணக்கில் ஓடி, தண்ணீர் குழாயின் அடிப்பக்கத்தில் தேங்கி, உள்ளேயிருந்தே இரும்பை அரித்துத் தின்றுவிட்டது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. புல் பச்சையாகத்தான் இருக்கும்.

இப்போது சொல்லுங்கள், நம் காவிரிப் படுகையிலும் கிணற்று வாயுதானே குழாயில் ஓடுகிறது? இங்கே எல்லா இடத்திலும் உலர்த்தித்தான் அனுப்புகிறார்களா? நகரம் விபத்துக்கு அப்புறம் பழைய குழாய்களைச் சோதித்திருக்கலாம், சிலவற்றை மாற்றியும் இருக்கலாம், அப்படியானால் ரொம்ப நல்ல செய்தி, அதை எங்களிடம் சொல்வதில் என்ன கஷ்டம்? குழாய்க்குள்ளேயே ஒரு கருவியை ஓட விட்டு எந்த இடத்தில் இரும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் வசதி பல வருடமாகவே இருக்கிறது. அந்தத் துறையில் அதைப் ‘பிக்’ என்பார்கள். வளைவு அதிகமாக இருக்கும் பழைய குழாய்களில், அளவு மாறிக்கொண்டே போகும் குழாய்களில் அந்தக் கருவி போகாது. அப்படிப்பட்ட குழாய் எது, எந்த ஊர் வழியாகப் போகிறது, அதை வேறு எந்த முறையில் சோதிக்கிறார்கள் என்பது அதன் மேல் விவசாயம் செய்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாது. வீட்டு சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நாம் பழகியிருக்கிறோம். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது, நாற்றம் தரும் மருந்தை ஊர்களுக்குள் விநியோகிக்கும் குழாய்களுக்குள் நுழையும் இடத்தில்தான் பொதுவாகக் கலக்கிறார்கள். வயல் வழியாகப் போகும் பெரிய குழாயில் கசிந்தால் மூக்கை நம்பிப் பயனில்லை. சீறும் சத்தம், ஈரத் தரையில் குமிழி, ஒரு பட்டையாகக் கருகிப்போன புல், இவைதான் அடையாளம். அப்படிப் பார்த்தால் பக்கத்தில் பம்புசெட் சுவிட்சைத் தொடக்கூடாது, பைக்கை ஸ்டார்ட் செய்யக்கூடாது, காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போய் அங்கிருந்து போன் பண்ண வேண்டும். இதை எங்கள் ஊரில் எந்த அதிகாரியும் வந்து சொன்னதில்லை. போன் பண்ணலாம் என்றால், எங்கள் வாய்க்கால் கரையில் நிற்கிற எச்சரிக்கைப் பலகையில் எண் இருந்த இடத்தில் துருதான் இருக்கிறது.

வாய்க்கால் என்றதும் பொக்லைன் ஞாபகம் வருகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி பகலாகத் தூர்வாருகிறார்கள். குழாய் வாய்க்காலைக் கடக்கும் இடம் எது என்று அந்த பொக்லைன் ஓட்டுகிற தம்பிக்கு யார் சொல்வது? தோண்டும் முன் கேட்பதற்கென்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை 2023 மார்ச்சில் பிரதமரே தொடங்கிவைத்தார், ஆனால் அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட ஒரு ஓட்டுநரையாவது நான் பார்த்ததில்லை. பக்கெட் பல் லேசாக உரசினால் அன்றைக்கே வெடிக்கும் என்றில்லை, அதுதான் இதில் மோசம். 2004 ஜூலை 30-ல் பெல்ஜியத்தில் கிலென்கியன் என்ற இடத்தில் அப்படித்தான் நடந்தது. முன்பு நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் கீறிய குழாய், அழுத்தம் கூடியதும் பிளந்துகொண்டது. கசிவென்று தகவல் கேட்டு வந்த தீயணைப்பு வீரர்களையும் சேர்த்து 24 பேர் பலி. கீறியவுடனேயே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்பார்கள். நம் ஊரில் கீறினால் வழக்கு போடுவார்கள் என்று பயந்து மண்ணை மூடிவிட்டுப் போவார்கள், அதனால் தானாக வந்து சொல்கிறவர்மேல் நடவடிக்கை இல்லை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

வெடித்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது: வால்வை எவ்வளவு நேரத்தில் மூடுவார்கள்? கலிபோர்னியாவில் சான் புரூனோ ஊரில் 2010 செப்டம்பர் 9-ல் குழாய் வெடித்தபோது வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது. கையால் மூட வேண்டிய வால்வுகள், ஆள் போய்ச் சேர வேண்டும். 8 பேர் செத்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வந்த தீயணைப்புக்காரர்கள் முதலில் விமானம் விழுந்துவிட்டது என்றே நினைத்தார்கள், ஏனென்றால் தங்கள் ஊருக்கு அடியில் இவ்வளவு பெரிய குழாய் போவது அவர்களுக்கே தெரியாது. அமெரிக்காவுக்கே அந்த நிலைமை. அதற்கு அப்புறம் 12 வருடம் இழுத்து, 2022-ல்தான் புதிதாகப் போடும் பெரிய குழாய்களில் உடைப்பு தெரிந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் மூடும் வால்வு வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். மன்னார்குடி, குத்தாலம் தீயணைப்பு நிலையங்களில் குழாய் வரைபடம் சுவரில் மாட்டியிருக்கிறதா?

நிலத்துக்காரனுக்கு என்ன தடை என்பதை மட்டும் குழாய் போட நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1962-ம் வருடச் சட்டம் விலாவாரியாகச் சொல்லிவிடுகிறது. குழாய்க்கு எடுத்த பட்டையில் வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, குளம் வெட்டாதே, மரம் வைக்காதே. அதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2010-ம் வருட விதிகளில் அவசரகாலத் திட்டம், ஒத்திகை எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. ஒத்திகை பெரும்பாலும் நிலையத்தின் கேட்டுக்குள், அதிகாரிகள் மத்தியில் முடிந்துவிடுகிறது, மறுநாள் பத்திரிகையில் போட்டோ வருகிறது (உங்கள் பத்திரிகையிலும்தான்).

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. குழாய் போகும் ஒவ்வொரு ஊராட்சியிலும் வருடம் ஒருமுறை கிராம சபையில் ஒரே ஒரு தாளை வாசிக்கட்டும்: குழாய் போட்ட வருடம், அளவு, ஓடுவது உலர்ந்த வாயுவா, கடைசியாக உட்பக்கம் சோதித்த தேதி, கண்டுபிடித்த மெலிவுகளைச் சரிசெய்தாகிவிட்டதா, பக்கத்து வால்வு எங்கே, மூட எத்தனை நிமிடம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கிற போன் எண். தீயணைப்பு நிலையத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் அதன் நகல். இதையெல்லாம் சொன்னால் நாசவேலைக்கு வழியாகிவிடும் என்பார்கள். குழாய் போகும் வழியெல்லாம் நீங்களே கல் நட்டுவைத்திருக்கிறீர்கள் ஐயா, திருடனுக்கு அது போதும். அமெரிக்காவில் தன் மாவட்டத்தில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று யார் வேண்டுமானாலும் இணைய வரைபடத்தில் பார்க்கலாம்.

அடுத்த தூர்வாரல் தொடங்குவதற்கு முன் குறைந்தபட்சம் வாய்க்கால் கடக்கும் இடங்களிலாவது நிறுவனத்தின் ஆள் ஒருவரை நிறுத்த மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவு போடலாம். அதற்கு டெல்லி அனுமதி எதுவும் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்